மூணாவது கம்பத்துக் கடிகாரம்

இல்லீங்க, நான் வக்கீல் இல்லை. ஃபைலையும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையையும் பாத்துட்டுக் கேக்கறீங்க. நான் இஞ்சினியருங்க. பேரு கிருபாகரன். கோயமுத்தூர்ல சங்கு செய்யற கம்பெனியில இருக்கேன். வாயில வெச்சு ஊதற சங்கு இல்லீங்க, மில்லுல ஷிஃப்டுக்கு அலறுமே, அந்தச் சங்கு. இப்ப மில்லுக்கு யாரு வாங்கறா. கெமிக்கல் ஃபேக்டரி, கேஸ் குடோன், அணைக்கட்டு, இப்படி எங்கெல்லாம் ஜனங்களை ஓடச் சொல்லணுமோ அங்கெல்லாம் எங்க சங்கு இருக்கும்.

இன்னைக்கு ஒரு விசாரணைங்க. கோட்டாட்சியர் ஆபீசுல. விசாரணைன்ன உடனே தள்ளி உக்காராதீங்க, என் மேல ஒண்ணுமில்லை. தகவல் சொல்லக் கூப்பிட்டிருந்தாங்க, சொல்லிட்டு வர்றேன். நீங்க எங்க எறங்கறீங்க? அவிநாசியா. அப்ப நேரம் இருக்குங்க. அந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி விடுங்க, காத்து வரட்டும்.

ஆத்து பேரு வேண்டாம், இன்னும் முடிவு வரலை. ஒரு சின்னக் கதவணைங்க அது, பக்கத்துல தனியார் மின்நிலையம். மேல மழை பேஞ்சு தண்ணி ஏறுச்சுன்னா கதவைத் தூக்குவாங்க. தூக்கினா கால் மணி நேரத்துல, முழங்கால் தண்ணி நின்ன எடத்துல ஆள் மூழ்கற தண்ணி வந்துரும். கீழே நாலு துறை. கோயில் துறை, குளிக்கிற துறை, பரிசல் துறை, கடைசியா மணல் துறை. ஒவ்வொரு துறையிலயும் ஒரு இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில சங்கு, நடுவுல தகரப் பெட்டி. கதவைத் தூக்கறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி மின்நிலையத்துல பட்டனை அமுக்கினா நாலு கம்பமும் அலறணும். ஜனங்க கரையேறிடணும். இதுதான் வேலை.

கம்பத்துக்குக் கரண்டு லைன் கிடையாதுங்க. சங்கு அலறதுக்குப் பெரிய பேட்டரி தனியா இருக்கு, அதை மத்த நேரத்துல தொடவே கூடாது. சேதி வருதான்னு கேட்டுக்கிட்டே இருக்கணுமே, அந்த வேலையை ஒரு சிப்பு பாக்கும். சுண்டுவிரல் நகத்துல பாதி இருக்கும். அதுக்குக் கட்டைவிரல் தண்டிக்கு ஒரு பேட்டரி. அது பொழுதன்னைக்கும் முழிச்சிருந்தா பேட்டரி ஒரு மாசம் தாங்காது. அதனால தூங்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவை எந்திரிக்கும், கண்ணு இமைக்கிற நேரம் காதைத் திறந்து வெக்கும், மின்நிலையத்துல இருந்து என்ன சொல்றாங்கன்னு கேக்கும், மறுபடி தூங்கிரும். அங்கிருந்தும் சரியா அந்தக் கணத்துலதான் சேதி வரும். ரெண்டும் ஒரே நேரத்துல சந்திக்கணும். இது கால் நொடி முந்தினாலும் பிந்தினாலும் சேதி போயிரும்.

அதாவது எல்லாமே கடிகாரம்தான். நான் பாக்கறது அந்த வேலைதான். இருபத்திரண்டு வருஷமா அதைத்தான் பாக்கறேன்.

சிப்புக்கு ரெண்டு கடிகாரம் வெக்கலாமுங்க. ஒண்ணு சிப்புக்கு உள்ளயே கூடப் பொறந்தது. எந்த நேரத்துலயும் ஓடும், தட்டுன உடனே எந்திரிக்கும், நின்னுபோகாது. ஆனா வெயில் ஏறினா ஒரு வேகம், குளிர்ந்தா ஒரு வேகம். இன்னொண்ணு கிரிஸ்டல். வெளியில தனியா வெக்கறது, அரிசி மணி அளவு இருக்கும். அது சுத்தமா நேரம் காட்டும், வருஷம் பூரா பாத்தாலும் பெருசா தப்பாது. ஆனா அது கொஞ்சம் நோஞ்சான். எழுப்பி விட ஒரு நொடி ஆகும், ஓட வெக்கப் பேட்டரியில இருந்து கொஞ்சம் பலம் கொடுக்கணும், ஈரம் பட்டா மக்கர் பண்ணும். எதை எப்ப நம்பறதுங்கறதுதான் என் தொழில். காலேஜ்ல பாதி நாள்ல சொல்லிக் கொடுத்துட்டுப் போயிருவாங்க. தொழில்ல எறங்கினாத் தெரியும்.

நான் கிரிஸ்டல்தான் வெச்சேன். இதை நல்லாக் கேட்டுக்கங்க. சிப்புக்குள்ள இருக்கறதே போதும்னு சொன்னவங்க உண்டு, நான் ஒத்துக்கலை. கிரிஸ்டல்தான் வேணும்னு நின்னேன்.

ஆனா பேட்டரின்னு ஒண்ணு இருக்குல்லீங்க. ஆர்டரைப் பிடிக்கறப்ப மின்நிலையத்துக்காரங்க கேட்டாங்க, பேட்டரி எத்தனை வருஷம் வரும்னு. எங்களோட போட்டி போட்டவங்க மூணு வருஷம்னு சொல்லியிருந்தாங்க. எங்க முதலாளி வரதராஜ் சார் என்னைத் திரும்பிப் பாத்தாரு. நான் அஞ்சுன்னேன். வாயில வந்துருச்சுங்க. அவரு முகம் மலர்ந்ததைப் பாத்தீங்கன்னா நீங்களும் அஞ்சுன்னுதான் சொல்லியிருப்பீங்க.

சொன்னா செஞ்சாகணும். ஒவ்வொரு பக்கமும் சுரண்டினேன். கிரிஸ்டலுக்குக் கொடுக்கற பலத்தை எவ்வளவு கொறைக்க முடியுமோ அவ்வளவு கொறைச்சேன். கடைசிப் படிக்குக் கொண்டுவந்தேன். அந்தப் படியிலயும் ஓடுச்சுங்க. என் மேசை மேல அருமையா ஓடுச்சு. சிப்பும் கிரிஸ்டலும் பதிச்ச போர்டு ஏதாவது ஒண்ணுல கிரிஸ்டல் எந்திரிக்கலைன்னா என்ன பண்றது? அதுக்கும் வழி எழுதினேன். ரெண்டு நொடி காத்திரு, எந்திரிக்கலைன்னா உள்ளுக்குள்ள இருக்கற கடிகாரத்துக்கு மாறிக்கோ, வேலை நிக்கக்கூடாது. நிமிஷத்துக்கு ஒரு தடவை மின்நிலையத்துச் சேதி வருதில்லை, அதை வெச்சு நேரத்தைத் திருத்திக்கிட்டே ஓடு. பாத்தீங்களா, எத்தனை யோசிச்சிருக்கேன்னு. யாரும் இதைச் சொல்றதில்லைங்க. என்ன நடந்துச்சுன்னுதான் கேக்கறாங்க, எத்தனை யோசிச்சேன்னு கேக்கறதில்லை.

ஒரு நிமிஷமுங்க, போன். ஆ, சொல்லு. பஸ்சு ஏறிட்டேன். நல்லபடியா முடிஞ்சுது. ஒண்ணுமில்லை, கேட்டாங்க சொன்னேன். சாப்பிட்டேன், சாப்பிட்டேன். வெச்சிரு.

வீட்லங்க. சாப்பிடலைன்னு சொன்னா அதுக்கு ஒரு கேள்வி வரும்.

எங்க விட்டேன். ஆங், ஹசீனா. எங்க டெஸ்டிங் செக்‌ஷன்ல ஹசீனா பேகம்னு ஒரு அம்மா இருந்தாங்க. உடுமலைப்பேட்டைக்காரங்க. என்னை விடப் பன்னெண்டு வயசு சின்னவங்க, ஆனா வேலையில நறுக்குன்னு இருப்பாங்க. இருபது போர்டை எடுத்து நீராவிப் பெட்டியில வெச்சு, சூடாக்கி, ஆறவெச்சு, மறுபடி சூடாக்கி, ஒரு வாரம் அதையே பண்ணினாங்க. வந்து சொன்னாங்க, இருபதுல ஒண்ணுல கிரிஸ்டல் எந்திரிக்கலை சார், உள்கடிகாரத்துலதான் ஓடுதுன்னு. ஓடுதுல்லன்னு கேட்டேன். ஓடுதுன்னாங்க. அப்புறம் என்னன்னேன்.

அவங்க உக்காந்தாங்க. அவங்க வழக்கமா நின்னுதான் பேசுவாங்க, அன்னைக்கு உக்காந்தாங்க. கிரிஸ்டலுக்கு ஒரு படி பலம் கூட்டுங்க சார், நாலு வருஷம் வந்தாப் போதும்னாங்க. முடியாதுன்னேன். அப்ப இன்னொண்ணு பண்ணுங்கன்னாங்க. தினமும் காலையில ஒரு தடவை கம்பம் மின்நிலையத்துக்குப் பேட்டரி அளவைச் சொல்லுதில்லை, அதோட சேத்து எந்தக் கடிகாரத்துல ஓடறேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். மாறினதே தப்பில்லை சார், மாறினதைச் சொல்லாம இருக்கறதுதான் தப்புன்னாங்க.

அதுக்கும் பேட்டரி செலவாகும்னேன். அளந்து பாத்துட்டுத்தான் வந்தேன், ஒண்ணுமே ஆகலை சார்னாங்க.

விஷயம் என்னன்னா, அதை எழுத எனக்கு அரை மணி நேரம்கூட ஆகாதுங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. மின்நிலையத்துல திரையில தினமும் காலையில 'மாற்றுக் கடிகாரம்'னு சிவப்புல வந்தா அவங்க என்ன நினைப்பாங்க? அதுக்கு முந்தின வருஷம் ஒரு ஃபேக்டரிக்காரங்க ஒரே ஒரு சிவப்பு விளக்கைப் பாத்துட்டு மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பினாங்க. நல்லா ஓடிட்டிருக்கற பெட்டி எதுக்குத் தன் மேலயே புகார் சொல்லணும்? வேணும்னா பெட்டிக்குள்ளயே எழுதி வெச்சுக்கட்டும்னேன். எப்ப மாறுச்சுன்னு தேதியும் நேரமும் சிப்பு தனக்குள்ளயே குறிச்சு வெச்சுக்கும்படி எழுதினேன். அந்தம்மா பேச்சைத் தட்டிக் கழிச்சேன்னு யாரும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் சரக்கு போகணும். டெஸ்ட் ரிப்போர்ட்டுல கையெழுத்து வேணும். ஹசீனா ரெண்டு நாள் போடலை. மூணாம் நாள் வரதராஜ் சாரே கூப்பிட்டுக் கேட்டப்பறம் போட்டாங்க. போட்டதோட சும்மா இருக்காம, நாலாவது பக்கத்து ஓரத்துல பென்சில்ல ரெண்டு வரி எழுதினாங்க. 'இருபதில் ஒன்று மாற்றுக் கடிகாரத்துக்குப் போகிறது. தினசரி அறிக்கையில் தெரிவிக்க வேண்டும்.' அப்படீன்னு. கஸ்டமருக்குப் போற ரிப்போர்ட்டுல பென்சில் கிறுக்கலோட யாராவது அனுப்புவாங்களா? நான் நாலாவது பக்கத்தை மட்டும் சுத்தமா மறுபடி அடிச்சு வெச்சேன். கையெழுத்து இருக்கறது ஆறாவது பக்கம். அதை நான் தொடலை.

அந்த ரெண்டு வரி விட்டுப்போச்சுங்க.

பென்சில்ல எழுதறது கணக்குல வருமா, சொல்லுங்க. வேணும்னு நினைச்சா பேனாவுல எழுதியிருக்கணும். அடிச்ச காப்பியை அவங்ககிட்டக் காட்டலை, வாஸ்தவம்தான். அவங்களும் கேக்கலை.

மே மாசம் கம்பம் நட்டோம். நானே போயி நின்னு நட்டேன். பரிசல் துறையில மூணாவது கம்பம். அங்க ஆறு வளையும், கரையில பெரிய பாறை, மத்த கம்பத்துச் சத்தம் அங்க எட்டாது. அங்க பரிசல் ஓட்டற ஆளு செங்கோடன்னு பேரு. ஐம்பது வயசு இருக்கும். குழி தோண்டறப்ப எங்க ஆளுங்களோட சேந்து கடப்பாறை பிடிச்சாரு. கம்பம் நட்டு முடிச்சதும் சங்கை ஒரு தடவை அலறவிட்டுக் காட்டினோம். காதைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு. இனி நான் தண்ணியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாமுங்களான்னு கேட்டாரு. வேண்டாமுங்க, அது பாத்துக்கும்னு நான்தான் சொன்னேன். அதுக்கு முன்னாடி வரைக்கும் தண்ணி நெறத்தைப் பாத்தே சொல்லுவாராம், மேல கதவைத் தூக்கிட்டாங்கன்னு.

வருஷம் பூரா ஒரு கோளாறு இல்லைங்க. மழைக்காலத்துல ஏழு தடவை கதவைத் தூக்கினாங்க, ஏழு தடவையும் நாலு கம்பமும் அலறுச்சு. மின்நிலையத்துக்காரங்க பாராட்டி லெட்டர் கொடுத்தாங்க. அது எங்க ஆபீசுல மாட்டியிருக்கு. இப்பவும் இருக்கு, யாரும் கழட்டலை.

ஏப்ரல் இருபத்தி நாலுங்க. மத்தியானம். அன்னைக்கு வெயில் எப்படின்னா, தகரப் பெட்டியைத் தொட்டா கை பொரிஞ்சிரும். பன்னெண்டரை மணிக்குத் திடீர்னு கோடை மழை. பத்தே நிமிஷம், கொட்டு கொட்டுன்னு கொட்டிட்டு நின்னுபோச்சு. கீழ பத்து நிமிஷம், மேல மலையில அதுக்கு முன்னாடியே ஒண்ணரை மணி நேரம் பேஞ்சிருக்கு. தண்ணி ஏறுச்சு. பன்னெண்டு ஐம்பதுக்குப் பட்டனை அமுக்கினாங்க. ஒண்ணு அஞ்சுக்குக் கதவைத் தூக்கினாங்க. அவங்க மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது.

ஒண்ணாவது, ரெண்டாவது, நாலாவது கம்பம் அலறுச்சு. மூணாவது அலறலை.

என்ன ஆச்சுன்னா, அந்தக் கம்பம் உள்கடிகாரத்துல ஓடிட்டிருந்திருக்கு. மெதுவா சூடேறினா, மெதுவா ஆறினா, அது நிமிஷத்துக்கு நிமிஷம் திருத்திக்கிட்டே சமாளிச்சிரும். அன்னைக்குக் கொதிச்சுக் கெடந்த பெட்டி மேல மழை விழுந்து சட்டுனு குளிர்ந்துபோச்சு. ஓட்டம் மாறிருச்சு. காதைத் திறக்கற நேரமும் சேதி வர்ற நேரமும் பெசகிப்போச்சு. அஞ்சு தடவை தொடர்ந்து தவறினா என்ன பண்ணணும்னு நான் எழுதியிருக்கேன். ஒரு மணி நேரம் தூங்கு, அப்புறம் எந்திரிச்சு, ஒரு நிமிஷம் முழுக்கக் காதைத் திறந்து வெச்சுத் தேடு. ஏன் ஒரு மணி நேரம்னு கேப்பீங்க. மின்நிலையத்துல ரிப்பேர்னு அடிக்கடி சேதி அனுப்பற ட்ரான்ஸ்மிட்டரை நிறுத்துவாங்க, ஒவ்வொரு தடவையும் கம்பம் தேட ஆரம்பிச்சா அஞ்சு வருஷம் எங்கிருந்து வரும். பன்னெண்டு நாப்பதுக்கு அஞ்சாவது தடவையும் சேதியைத் தவறவிட்டுத் தூங்கப் போயிருக்கு. அதுக்குப் பத்து நிமிஷம் கழிச்சுப் பட்டன்.

ஆத்து நடுவுல ஒரு பாறை இருக்கு. ரெண்டு பொம்பளைங்க அங்க கம்பளி தொவைச்சுட்டு இருந்திருக்காங்க. செங்கோடன் கரையில, மரத்தடியில இருந்திருக்காரு. சங்கு அலறலை, அதனால தண்ணி வராதுன்னு உக்காந்திருந்தாரோ என்னவோ, நமக்குத் தெரியாது. நெறம் மாறினதைப் பாத்துட்டுப் பரிசலைத் தள்ளியிருக்காரு. ரெண்டு பேரையும் ஏத்திக் கரையோரம் வரைக்கும் கொண்டுவந்துட்டாரு. அவங்க வேரைப் பிடிச்சு ஏறிட்டாங்க. ஏறின உதைப்புல பரிசல் சுத்திக்கிட்டு நடுத்தண்ணிக்குப் போயிருச்சு. மறுநாள் காலையில மணல் துறைக்குக் கீழே கிடைச்சாரு.

ஒண்ணு நாப்பதுக்குக் கம்பம் எந்திரிச்சிருக்கு. தேடியிருக்கு. கதவை இறக்கற வரைக்கும் சேதி போயிட்டே இருக்குமில்லை, அது கிடைச்சிருச்சு. அப்ப அலறியிருக்குங்க.

பெட்டியைக் கழட்டி எங்க ஆபீசுக்குக் கொண்டுவந்தாங்க. நான்தான் திறந்தேன். யாரையும் கிட்ட விடலை. சிப்பு தனக்குள்ள குறிச்சு வெச்சிருக்குமில்லை, அதைப் படிச்சேன். ஜூன் ஆறாம் தேதி, காலை ஆறு பதினாலு, மாற்றுக் கடிகாரம். நட்டு ஒரு மாசம்கூட ஆகலை. சாரல் அடிச்ச ஏதோ ஒரு காலையில பேட்டரி கிளிப்பு ஆடி, சிப்பு நின்னு மறுபடி எந்திரிச்சிருக்கு, கிரிஸ்டல் எந்திரிக்கலை. அன்னையில இருந்து பத்து மாசம் பதினெட்டு நாள் அது அப்படியேதான் ஓடியிருக்கு. கிரிஸ்டல் பக்கத்துல விரலை வெச்சேனுங்க. லேசாத்தான் தொட்டேன். ஓட ஆரம்பிச்சிருச்சு.

அன்னைக்குச் சாயந்திரமே ஹசீனா என் ரூமுக்கு வந்தாங்க. எந்தக் கடிகாரம்னு மட்டும் கேட்டாங்க. உள்ள இருக்கறதுன்னு சொன்னேன். கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க. பத்து நாள்ல வேலையை விட்டுட்டாங்க. கம்பெனிக்குள்ள பேச்சு கிளம்புச்சு, டெஸ்டிங்ல கோட்டை விட்டுட்டாங்கன்னு. டெஸ்டிங் கையெழுத்து அவங்களோடதுதானே. வரதராஜ் சார் என்னைக் கூப்பிட்டு, அப்படியான்னு கேட்டாரு. நான் ஒரு வார்த்தை சொல்லலைங்க. சத்தியமா. அவங்களைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்லை.

இப்ப அவங்க ஒரு பாலிடெக்னிக்ல இருக்காங்களாம். இன்னைக்கு வந்திருந்தாங்க. தனியாத்தான் வந்தாங்க. வராண்டாவுல என்னைப் பாத்துட்டு, நல்லா இருக்கீங்களா சார்னு கேட்டாங்க. ஏதாவது கோபமாப் பேசியிருந்தா எனக்குக் கொஞ்சம் தேவலையா இருந்திருக்கும்.

கோட்டாட்சியர் ஒரு அம்மாங்க. சத்தமே போடாம விசாரிக்கறவங்க. மொதல்ல செங்கோடன் சம்சாரத்தைக் கேட்டாங்க. மாராயின்னு பேரு. அவங்க என்ன சொன்னாங்கன்னா, ஒண்ணே முக்கா மணிக்குக் கொஞ்சம் முன்னாடி சங்குச் சத்தம் கேட்டுச்சு, இன்னும் கால் மணி நேரம் இருக்குது, அதுக்குள்ள கரையேறி வந்துருவாருன்னு சோத்தை வடிச்சு வெச்சேன். அவ்வளவுதான் சொன்னாங்க.

அப்புறம் ஹசீனா. இருபதுல ஒண்ணு எந்திரிக்கலைன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன், போட்டிருக்கக்கூடாதுன்னாங்க. நாலாவது பக்கத்துல ரெண்டு வரி எழுதினேன்னும் சொன்னாங்க. கோட்டாட்சியர் ஃபைலைத் திருப்பி நாலாவது பக்கத்தைப் பாத்தாங்க. அப்படி எதுவும் இல்லையேன்னாங்க. ஹசீனா எந்திரிச்சுப் போயிப் பாத்தாங்க. பாத்துட்டு வந்து உக்காந்தாங்க. என் பக்கம் திரும்பலை.

என்னைக் கூப்பிட்டாங்க. எங்க கம்பெனி வக்கீலு நேத்தே சொல்லியிருந்தாரு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும், கூட ஒண்ணும் பேசக்கூடாதுன்னு. கடிகாரம் மாறினது பெட்டிக்குத் தெரியுமான்னு கோட்டாட்சியர் கேட்டாங்க. தெரியும் மேடம்னேன். தெரிஞ்சும் ஏன் யாருக்கும் சொல்லலை? அப்படிச் சொல்லும்படி எழுதப்படலை மேடம்னேன். எழுத வேண்டாம்னு யாரு முடிவு பண்ணினது? டிசைன் மீட்டிங்ல முடிவாச்சு மேடம்னேன். மீட்டிங்னு சொல்லலாமுங்க. ரெண்டு பேரு உக்காந்து பேசினா மீட்டிங்தானே.

கடைசியாக் கேட்டாங்க. இந்தம்மா ரெண்டு வரி எழுதினதாச் சொல்றாங்களே, நீங்க பாத்தீங்களா?

ஞாபகம் இல்லை மேடம்னு சொன்னேன்.

இதுல பொய் எதுவுமில்லைங்க. ஒரு வருஷத்துல எத்தனை ரிப்போர்ட்டு, எத்தனை பக்கம்.

முடிஞ்சு வெளிய வந்தேன். படிக்கட்டுக்குக் கீழே, சைக்கிள் நிறுத்தற எடத்துல அந்த மாராயி அம்மா நின்னுட்டிருந்தாங்க. அழுதுட்டெல்லாம் இல்லை. பொங்கியிருந்தா நான் பக்கத்துலயே போயிருக்க மாட்டேன். அவங்களே கூப்பிட்டாங்க. ஏனுங்க, ஒண்ணு கேக்கோணுமுங்கன்னாங்க.

"அந்தப் பொட்டிக்குத் தெரியும்னு சொன்னீங்களே. எத்தனை நாளாத் தெரியுமுங்க?"

எனக்குச் சொல்லாம இருக்க முடியலை. "பத்து மாசம் பதினெட்டு நாளுங்க" ன்னேன்.

அவங்க கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. கணக்குப் போடற மாதிரி.

"எங்கூட்டுக்காரரு தெனமும் அந்தக் கம்பத்துலதானுங்க பரிசலைக் கட்டுவாரு. தெனமும் அதைத் தொட்டுத்தான் கட்டுவாரு, தொட்டுத்தான் அவுப்பாரு."

முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு நடந்து போயிட்டாங்க. யாரு அந்த வேலையைப் பாத்ததுன்னு கேக்கவே இல்லைங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க நம்பணும், கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

அப்புறம் நான் ஒண்ணு பண்ணினேன். இதை வீட்ல சொல்லலை, உங்ககிட்டச் சொல்றேன். மறுபடி மாடிப்படி ஏறினேனுங்க. ரெண்டு படி ரெண்டு படியா ஏறினேன். அந்த நாலாவது பக்கத்தைப் பத்திச் சொல்லிடணும்னுதான் ஏறினேன். வாக்கியமே தயாரா இருந்துச்சு. 'மேடம், அந்த ரெண்டு வரியை நான் பாத்தேன். பக்கத்தை மாத்தினது நான்.' இவ்வளவுதான். வராண்டாவுல ஹசீனா இன்னும் உக்காந்திருந்தாங்க, வாக்குமூலத்துக் காப்பிக்குக் காத்துக்கிட்டு. என்னைப் பாத்து எந்திரிச்சு நின்னாங்க. எதுக்கு எந்திரிச்சாங்கன்னு தெரியலை.

உள்ள போனேன். கோட்டாட்சியர் தனியாத்தான் இருந்தாங்க. டிபன் டப்பாவைத் திறந்துட்டிருந்தாங்க. நிமிர்ந்து பாத்து, என்ன சார், எதாவது மறந்துட்டீங்களான்னு கேட்டாங்க. நல்ல மாதிரியாத்தான் கேட்டாங்க.

"ஆமா மேடம், பேனா" ன்னேன்.

அவங்க மேசையைச் சுத்திலும் பாத்தாங்க. ஃபைலுக்கு அடியில இருந்து ஒண்ணை எடுத்து, இதுவான்னு நீட்டினாங்க. வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

இந்தாங்க, பாருங்க. பச்சை மை. இது என் பேனாவே இல்லைங்க.